விழும் என்று தெரிந்தே வரைந்த விமானம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, கூட வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் கிளைடர் (எஞ்சின் இல்லாத விமானம்) பறப்பதைப் பார்க்கலாம் வா என்று கூப்பிட்டார். ஹூஸ்டனிலிருந்து மேற்கே ஒன்றரை மணி நேரம் காரில் போகவேண்டும். வழியெல்லாம் நெல் வயல் (டெக்சாஸில் நெல்லா என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், நிறையவே விளைகிறது). அப்புறம் ஒரு தகரக் கொட்டகை, ஒரு புல்தரை ஓடுபாதை. கிளைடர்கள் வெள்ளை வெளேரென்று நாரை மாதிரி வரிசையாக நின்றன. எல்லோரும் அவற்றைத்தான் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண் போனது அவற்றைக் கயிறு கட்டி மேலே இழுத்துப் போகிற விமானத்தின் மேல். மஞ்சள் பெயின்ட் வெளுத்து, வயிற்றுப் பக்கம் எண்ணெய்க் கறை. மூக்கு ஒரு முழ நீளம் கூடுதல். விமானி உட்காரும் இடம் மட்டும் ஒட்டகத்தின் திமில் மாதிரி முதுகில் துருத்திக்கொண்டிருந்தது. இறக்கை கீழே இருக்கிறது, அதைத் தாங்கும் முட்டுக் குழாய்களோ இறக்கைக்கு மேலே. ஏதோ பாகங்களைத் தப்பாக மாட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது.

அதை ஓட்டுகிறவர் எழுபது வயதுக்காரர். பக்கத்தில் போய் நின்று வேடிக்கை பார்த்ததும் அவரே பேச ஆரம்பித்துவிட்டார். பைப்பர் பானி என்று பெயர் சொன்னார். கிளைடர் இழுப்பதெல்லாம் ஓய்வுக்கால வேலையாம். இது பிறந்தது பயிருக்கு மருந்தடிக்க. "ஏறி உட்காருங்கள், உட்கார்ந்தால்தான் புரியும்" என்றார்.

ஏறினேன். பக்கவாட்டுக் கண்ணாடிக் கதவைக் கீழே மடக்கி, இறக்கை மேல் கால் வைத்து உள்ளே இறங்க வேண்டும். உட்கார்ந்ததும் முதலில் உறைத்தது உயரம். தரையிலிருந்தே வயல்வெளி முழுக்கத் தெரிகிறது. மூக்கு முன்னால் சரிந்து இறங்குவதால், பார்வையை அது மறைக்கவில்லை. தலைக்கு மேலே தடித்த இரும்புக் குழாய் வளைவு. கண்ணாடிக்கு வெளியே, நெற்றிக்கு நேராக, மேலிருந்து கீழாக ஒரு பிளேடு. சக்கரக் கால்களின் முன்விளிம்பிலும் அதே மாதிரி. கூரை உச்சியிலிருந்து வால் துடுப்பின் நுனிக்கு ஒரு கம்பி இழுத்துக் கட்டியிருக்கிறது. எதற்கு என்று கேட்டேன். "கரண்ட் கம்பிக்கு" என்றார். கரண்ட் கம்பியில் மோதினால் பிளேடு அதை அறுக்கும். அறுபடாமல் மேலே வழுக்கிப் போனால், வாலுக்கு முன்னால் மாட்டிக்கொண்டு வாலைப் பிடுங்காமல் இருக்க அந்தக் கம்பி அதைத் தூக்கி அந்தப் பக்கம் தள்ளிவிடும்.

மோதினால் என்று இல்லை, மோதும்போது என்று யோசித்து வைத்த சாமான் இது. அன்றைக்கு ராத்திரியிலிருந்து ஒரு மூன்று வாரம் வேறு எதையும் உருப்படியாகப் படிக்கவில்லை.

விமானத்தில் மருந்தடிப்பது எப்படி ஆரம்பித்தது என்றால், 1921 ஆகஸ்ட் 3-ஆம் தேதி, ஒஹையோ மாநிலம் டிராய் என்ற ஊருக்குப் பக்கத்தில். கட்டால்பா என்ற மரம் ஆறு ஏக்கர் நட்டிருந்தார்கள், புழு விழுந்து இலையெல்லாம் போய்க்கொண்டிருந்தது. ராணுவத்தின் கர்டிஸ் ஜென்னி விமானம் ஒன்றின் பக்கவாட்டில், எட்டியென் டோர்மாய் என்ற பொறியாளர் ஒரு தகர டப்பாவைப் பொருத்தினார். அதற்கு ஒரு கைப்பிடி, கையால் சுற்றினால் தூள் கொட்டும். ஓட்டியவர் ஜான் மெக்ரெடி. பின்னால் உட்கார்ந்து ஐஸ்கிரீம் மிஷின் சுற்றுவது மாதிரி சுற்றியவர் டோர்மாயே. கொட்டியது ஈய ஆர்சனேட், அதாவது ஈயமும் பாஷாணமும் சேர்ந்த தூள். தூள் தூவிய நேரம் மொத்தம் ஒரு நிமிடம்கூட இல்லை. புழுக்கள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்தன. இதே மெக்ரெடிதான் இரண்டு வருடம் கழித்து, கூட்டாளி ஒருவரோடு அமெரிக்காவின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடுவில் எங்கும் இறங்காமல் முதன்முதலாகப் பறந்தவர். அதைத்தான் ஊர் நினைவு வைத்திருக்கிறது.

அப்புறம் பருத்தி. அமெரிக்கத் தெற்கில் பருத்திக் காயைத் துளைக்கும் கூன்வண்டு விவசாயிகளை நடுத்தெருவில் நிறுத்தியிருந்த காலம். லூசியானாவின் டல்லூலாவில் இருந்த அரசு ஆய்வுக்கூடம் கால்சியம் ஆர்சனேட்டை விமானத்திலிருந்து தூவிப் பார்த்தது, பலித்தது. ஹஃப் டாலண்ட் என்ற கம்பெனி 1925-இல் தூள் தூவுவதற்கென்றே விமானங்கள் செய்து, கூலிக்குத் தூவும் தொழிலில் இறங்கியது. அந்தத் தொழில் கைமாறி, 1928-இல் பெயர் மாறி, 1929-இல் பயணிகளை ஏற்ற ஆரம்பித்தது. புதுப் பெயர் டெல்டா. ஆமாம், அதே டெல்டா ஏர்லைன்ஸ்தான். மிசிசிப்பி டெல்டாவில் பருத்திக்குப் பாஷாணம் தூவியவர்கள் என்பதால் வந்த பெயர். நான் தஞ்சாவூர் டெல்டாக்காரன், இத்தனை வருடமாக அதில் ஊருக்குப் போய் வருகிறேன், ஒரு நாள்கூட அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று யோசித்ததில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கதை வேறு திசையில் போயிற்று. ஒரு பக்கம் டிடிடி, 2,4-டி என்று புதுப்புது மருந்துகள். தூள் போய்த் திரவம் வந்தது. இன்னொரு பக்கம் போருக்குப் பயிற்சி கொடுக்கச் செய்த ஸ்டியர்மன் இரட்டைச் சிறகு விமானங்கள் ஆயிரக்கணக்கில் சும்மா கிடந்தன. அடிமாட்டு விலைக்கு விற்றார்கள். வாங்கியவர்கள் முன் இருக்கையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அங்கே மருந்துத் தொட்டியை வைத்தார்கள், 220 குதிரைத்திறன் எஞ்சினை எடுத்துவிட்டு 450 வைத்தார்கள், பறந்தார்கள். போரிலிருந்து திரும்பிய பையன்களுக்கு ஓட்டத் தெரியும், வேலை இல்லை. வேறென்ன வேண்டும்.

இந்த வேலை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். பயிருக்கு மேலே ஐந்தடி பத்தடி உயரத்தில், மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வயலின் இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்குப் பறக்க வேண்டும். கடைசியில் மரம் இருக்கும், மின்கம்பி இருக்கும். விருட்டென்று மேலே ஏறி, ஒரு பக்கம் சாய்ந்து விலகி, மறுபடி இந்தப் பக்கம் திரும்பி, முன்பு போன கோட்டுக்குப் பக்கத்துக் கோட்டில் மறுபடி இறங்க வேண்டும். ஒரு நாளைக்கு இப்படி நூற்றுக்கணக்கான தடவை, பாரத்தோடு. அந்தத் திருப்பத்தின் உச்சியில் வேகம் கொஞ்சம் குறைந்தாலும் இறக்கை தூக்குவதை நிறுத்திவிடும். ஸ்டால் என்பார்கள். ஆயிரம் அடியில் ஸ்டால் ஆனால் மூக்கை இறக்கிச் சமாளித்துவிடலாம். நூறு அடியில் சமாளிக்க இடமே இல்லை. ஸ்டியர்மனில் இது நடந்தால், விமானியின் முகத்துக்கு முன்னாலேயே மேல் இறக்கையில் பெட்ரோல் டேங்க். சிறிய விமானங்கள் சிலவற்றில் மருந்துத் தொட்டி விமானியின் முதுகுக்குப் பின்னால். பானியைச் செய்த பைப்பர் கம்பெனியே அதற்கு முன்னால் விற்ற, கப் என்ற மருந்தடிக்கும் விமானம் அப்படித்தான். தரையில் மோதினால் எஞ்சின் முன்னால் நிற்கும், கால் டன் பாரம் பின்னாலிருந்து வரும், நடுவில் ஆள். கரும்பு மிஷினில் கையை விட்ட மாதிரி.

இங்கேதான் ஃப்ரெட் வீக் வருகிறார். 1899-இல் பிறந்தவர், அமெரிக்க அரசின் விமான ஆராய்ச்சிக் குழுவில் வேலை பார்த்தவர். எஞ்சினைச் சுற்றி ஒரு கவசம் போட்டால் காற்றுத் தடை எவ்வளவு குறையும் என்று அவர் குழு கண்டுபிடித்ததற்கு 1929-ஆம் ஆண்டின் கோலியர் விருது, விமானத் துறையின் பெரிய விருது, கிடைத்தது. அதற்கப்புறம் எர்கூப் என்று ஒரு சின்ன விமானம் வடிவமைத்தார். கால் மிதிக்கட்டை கிடையாது, காரை ஓட்டுவது மாதிரி திருப்பினால் போதும், சுழன்று விழவே விழாது. 1945-இல் நியூயார்க்கின் மேஸீஸ் கடையில், புடவை வேட்டி மாதிரி, அதை விற்பனைக்கு வைத்தார்கள் என்றால் பாருங்கள். மனுஷன் வாழ்நாள் முழுக்க ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார் என்பது என் கணக்கு. சாதாரண ஆள் தப்புப் பண்ணுவான், விமானம் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், எப்படி?

1948-இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் கல்லூரிக்கு வந்தார். விவசாயத்துக்கென்றே ஒரு விமானத்தை அடியிலிருந்து வரையச் சொன்னார்கள், அரசு பணம் கொடுத்தது. 1950 டிசம்பர் 1-ஆம் தேதி ஏஜி-1 பறந்தது. ஒன்றே ஒன்றுதான் செய்தார்கள். ஆனால் இன்றைக்கு உலகத்தில் பறக்கிற மருந்தடிக்கும் விமானங்களில் பலவற்றைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஏஜி-1-இன் சாயல் தெரியும்.

அவர் எங்கிருந்து ஆரம்பித்திருப்பார் என்று எனக்குப் புரிந்த வரை சொல்கிறேன். மருந்து பறக்கும்போதே காலியாகும் சரக்கு. கிளம்பும்போது நிறைய, முடியும்போது சுத்தமாக இல்லை. அதனால் தொட்டி எடைமையத்திலேயே இருக்க வேண்டும், முன்னாலோ பின்னாலோ தள்ளி வைத்தால் தீரத்தீர விமானம் மூக்கை ஆட்டும். சரி, எடைமையத்தில் தொட்டி என்றால், விமானிக்கு இரண்டே இடம்தான், முன்னால் அல்லது பின்னால். முன்னால் உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும், ஆனால் விழுந்தால் தொட்டி முதுகில் ஏறும். ஆகவே பின்னால். பின்னால் என்றால் நீளமான மூக்கு பார்வையை மறைக்கும். ஆகவே ஆசனத்தைத் தூக்கு, மூக்கைக் கீழே சாய். திமில் வந்துவிட்டது. மேலே இறக்கை இருந்தால் சாய்ந்து திரும்பும்போது போகப்போகிற பக்கத்தையே அது மறைக்கும். ஆகவே இறக்கை கீழே. கீழே இருந்தால் இன்னொரு லாபம், விழும்போது முதல் அடியை இறக்கை வாங்கிக்கொள்ளும். நான் தப்பாக மாட்டியிருக்கிறார்கள் என்று நினைத்த ஒவ்வொன்றுக்கும் ஒரு "ஆகவே" இருக்கிறது.

இனி அந்த விழும் விஷயம். ஹியூ டிஹேவன் என்று ஒருவர், 1917-இல் ராயல் ஃப்ளையிங் கார்ப்ஸ் என்ற பிரிட்டிஷ் விமானப் படையில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் விமானம் நடுவானில் இன்னொன்றோடு மோதி விழுந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் வயிற்றுக்குள் ஈரல் முதற்கொண்டு கிழிந்திருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் யோசித்துப் பார்த்தால், காயம் ஏற்படுத்தியது தரை இல்லை, இடுப்பு பெல்ட்டின் துருத்திய பக்கிள். விழுந்தால் சாவு, அது விதி என்று எல்லோரும் இருந்தபோது, இந்த மனுஷர் சமையலறையில் ரப்பர் மெத்தை போட்டு அதன் மேல் முட்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், எவ்வளவு உயரத்திலிருந்து போட்டால் உடையாமல் இருக்கும் என்று. மாடியிலிருந்து விழுந்தும் பிழைத்தவர்களைத் தேடிப் பிடித்து எப்படி விழுந்தீர்கள் என்று விசாரித்தார். 1942-இல் அதைக் கட்டுரையாக எழுதினார். பிறகு கார்னெல் பல்கலைக்கழகத்தில் விபத்துக் காய ஆராய்ச்சி என்று ஒரு துறையே அவரால் உண்டாயிற்று. இன்றைக்குக் காரில் மாட்டுகிறோமே மூன்றுமுனை சீட் பெல்ட், அதற்கு 1955-இல் காப்புரிமை வாங்கிய இருவரில் இவர் ஒருவர். வால்வோ கார் கம்பெனியின் வடிவம் அதற்கு அப்புறம் வந்தது.

இந்தச் சிந்தனையை வீக் விமானத்துக்குள் அப்படியே கொண்டுவந்தார். ஆளைச் சுற்றியுள்ள கூடு நசுங்கக் கூடாது, அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் நசுங்கிக்கொண்டே போக வேண்டும். எஞ்சின், அப்புறம் தொட்டி, அப்புறம் குழாய்ச் சட்டம் என்று ஒன்றன் பின் ஒன்றாக மடங்கி அடியை வாங்கிக்கொள்ளும். சட்டத்தின் நீளக் குழாய்கள் லேசாக வெளிப்பக்கம் வளைந்திருக்கும், மடங்கினால் ஆள் பக்கம் வராமல் வெளியே மடங்கட்டும் என்று. ஆசனமும் தோள் பெல்ட்டும் 40 ஜி, அதாவது உடம்பு எடையைப் போல நாற்பது மடங்கு இழுத்தாலும் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு. தலை போய் மோதும் தூரத்தில் கூர்மையான எதுவும் இருக்கக் கூடாது. நசுங்கும் முன்பகுதி என்று கார் கம்பெனிக்காரர்கள் இன்றைக்கு விளம்பரத்தில் சொல்லிக்கொள்வதை, ஐம்பதுகளின் தொடக்கத்தில் பருத்திக்காட்டுக்கு மேலே பறக்கிற சாமானில் செய்திருக்கிறார்கள்.

பைப்பர் கம்பெனி இதைப் பார்த்துவிட்டு, எங்களுக்குச் சின்னதாக, மலிவாக ஒன்று வேண்டும் என்றது. 1954-இல் ஏஜி-3. வெல்டு வைத்த இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே துணி போர்த்தியது, பைப்பரின் கிட்டங்கியில் ஏற்கனவே இருந்த கப் விமானத்தின் உதிரிபாகங்களை எங்கெங்கே முடியுமோ அங்கெல்லாம் போட்டார்கள். இறக்கை முட்டுக் குழாய் மேலே வந்ததும் இந்தச் சிக்கனக் கணக்கில்தான் என்று நினைக்கிறேன். 1957-இல் வீக்கையே வேலைக்கு எடுத்துக்கொண்டு ஃப்ளோரிடாவின் வீரோ பீச்சில் உட்காரவைத்தார்கள். 1959-இல் பானி சந்தைக்கு வந்தது. முதலில் 150 குதிரைத்திறன், பிறகு 235, பிறகு 260. தொட்டி 150 கேலன், நம் கணக்கில் கிட்டத்தட்ட 570 லிட்டர். எண்பதுகளின் தொடக்கம் வரை 5,000-க்கும் மேல் செய்தார்கள். இன்னொரு வேடிக்கை, மூக்குச் சக்கரம்தான் பாதுகாப்பு, வால் சக்கரம் கூடாது என்று முப்பதுகளிலிருந்து ஊரைக் கூட்டிச் சொன்னவர் வீக். பானிக்கு அவர் வைத்தது வால் சக்கரம். மண்ரோட்டிலும் வரப்போரத்திலும் இறங்குகிற வண்டிக்கு மூக்குச் சக்கரம் தாங்காது என்று விட்டிருப்பார். கொள்கைக்காகப் பிடிவாதம் பிடிக்காத பொறியாளரை எனக்குப் பிடிக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. பெட்ரோல் டேங்கை எஞ்சினுக்கும் மருந்துத் தொட்டிக்கும் நடுவில் வைத்திருந்தார்கள். மூக்கு நசுங்கும் என்று தெரிந்தே வரைந்தவர்கள், நசுங்கும் இடத்திலேயே பெட்ரோலை வைத்தது எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. எழுபதுகளில் வந்த டி மாடலில்தான் அதை இறக்கைக்குள் மாற்றினார்கள். நான் ஏறி உட்கார்ந்தது டி மாடல். ஏறுவதற்கு முன்னாலேயே இதெல்லாம் தெரிந்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பேன்.

மருந்தடிக்கும் பாகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வயிற்றுக்கு அடியில் ஒரு சின்னக் காற்றாடி, பறக்கும் வேகத்தில் தானே சுற்றும், அதுதான் பம்ப்பை ஓட்டும். எஞ்சினிலிருந்து பெல்ட்டு கில்ட்டு எதுவும் தேவையில்லை. இறக்கைக்குப் பின்னால் நீளக் குழாய், அதில் வரிசையாக நாசில்கள். குழாய் இறக்கையின் நுனி வரைக்கும் போகாது, முக்கால் தூரத்தில் நின்றுவிடும். இறக்கை நுனியில் காற்று சுருண்டு சுழலும், அதில் மாட்டினால் துளி மேலே தூக்கிக்கொண்டு போய் அடுத்தவன் வயலில் விழும். துளி ரொம்பச் சின்னதாக இருந்தாலும் காற்றில் போய்விடும், ரொம்பப் பெரிதாக இருந்தால் இலையில் ஒட்டாமல் உருண்டு விழும். இதெல்லாம் கைத்தெளிப்பான் நாசிலைத் திருகித் திருகிப் பார்த்தவனுக்குத் தெரிந்த சங்கதிதான், அளவுதான் வேறு. அன்றைக்கு அந்தப் பெரியவர் இடது கைப் பக்கம் ஒரு நெம்புகோலும் காட்டினார். ஆபத்து என்றால் அதை இழுக்க வேண்டியது, தொட்டியின் அடிக்கதவு திறந்து சில நொடிகளில் மொத்தப் பாரமும் கீழே போய்விடும். இப்போது தொட்டியில் ஒன்றும் இல்லை. இழுத்துப் பார்த்தேன். அடியில் டமார் என்று ஒரு தகரச் சத்தம்.

அன்றைக்கு ராத்திரி ஊருக்குப் போன் பண்ணி அப்பாவிடம் பார்த்ததையெல்லாம் கொட்டினேன். அப்பா திருவாரூர்ப் பக்கம் நாலு ஏக்கர் பார்க்கிறார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி தம்பி, பைலட்டு உசரத்துல கண்ணாடிக்குள்ள உக்காந்திருக்கான். கீழ நிக்கிறவன் மேல படாதா?" என்றார்.

"கீழ யாருப்பா நிக்கப் போறா?"

"எந்த வரிசையில அடிச்சிருக்கு, எது பாக்கின்னு மேலேர்ந்து அவனுக்கு எப்படித் தெரியும்? யாராவது நின்னுதானே ஆகணும்."

எனக்குச் சுருக்கென்றது. மூன்று மணி நேரம் பிளேடையும் பெல்ட்டையும் பார்த்த எனக்குத் தோன்றவில்லை, வயலில் நின்று மருந்தடித்தவருக்கு ஒரு நிமிடத்தில் தோன்றிவிட்டது. தேடிப் பார்த்தால் அவர் சொன்னதுதான். கொடி பிடிப்பவர்கள் என்றே ஒரு வேலை இருந்திருக்கிறது. வயலின் இரண்டு முனையிலும் கொடியைத் தூக்கிக்கொண்டு ஆள் நிற்பார், விமானம் அவரைக் குறிவைத்து வரும், வந்து தலைக்கு மேலே போனதும் அளந்து சில அடி தள்ளி நிற்பார், அடுத்த வரிசை. பல இடங்களில் அது பள்ளிக்கூடப் பையன்களின் லீவு நாள் வேலை. ஐம்பதுகளில் பாரத்தியான் மாதிரி நரம்பைத் தாக்கும் மருந்துகளும் இதே முறையில்தான் அடிக்கப்பட்டன. பிறகு விமானமே காகிதப் பட்டைகளைப் போட்டு அடையாளம் வைக்கும் கருவி வந்தது, தொண்ணூறுகளில் ஜிபிஎஸ் வந்தபின் கொடிக்காரர் தேவையே இல்லாமல் போனார். 40 ஜி தாங்கும் ஆசனத்துக்குக் கணக்குப் போட்ட காலத்திலேயே, கீழே நின்றவருக்கு ஒரு தொப்பியும் கைக்குட்டையும்தான்.

நம் பக்கத்திலேயே காசர்கோடு இருக்கிறது. முந்திரித் தோட்டங்களுக்கு மேலே ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான், எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை. கீழே ஊர்கள், கிணறுகள், ஓடைகள். 2011-இல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்தைத் தடை செய்தது, 2017-இல் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு ஐந்து லட்சம் கொடுக்கச் சொன்னது. நாம் இதை மருந்து என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பூச்சிக்கு மருந்து, புல்லுக்கு மருந்து. ஆனால் யாராவது அதைக் குடித்துவிட்டால் மட்டும் அதே வாய் உடனே விஷம் என்கிறது.

இந்தியாவும் பானி மாதிரி ஒன்றைச் செய்தது, பலருக்குத் தெரியாது. அரசின் விமானக் கம்பெனி ஹெச்ஏஎல் செய்த பசந்த். இரண்டாம் வடிவம் 1972-இல் பறந்தது. அதே திமில், அதே கீழ் இறக்கை, 400 குதிரைத்திறன். மொத்தம் 39 செய்தார்கள், 1980-இல் நிறுத்திவிட்டார்கள். அரை ஏக்கர் ஒரு ஏக்கர் என்று துண்டு துண்டாகக் கிடக்கிற வயலில், ஒருவன் நெல்லும் பக்கத்தில் ஒருவன் உளுந்தும் போட்டிருக்க, மணிக்கு 150 கிலோமீட்டரில் போகிறவன் எங்கே ஆரம்பித்து எங்கே நிறுத்துவான்? இப்போது அந்த இடத்துக்கு டிரோன் வந்திருக்கிறது. எங்கள் ஊரிலும் வாடகைக்கு வருகிறதாம். சோவியத் யூனியனுக்குத் துண்டு வயல் பிரச்சினை இல்லை. அவர்கள் கூட்டுப்பண்ணைகளுக்காகப் போலந்தில் பெல்பெகோர் என்று ஜெட் எஞ்சின் வைத்த இரட்டைச் சிறகு மருந்தடி விமானம் செய்தார்கள், நிஜமாகவே, ஜெட். ஆயிரக்கணக்கில் செய்யத் திட்டம், இருநூறைக்கூடத் தொடாமல் 1981-இல் நின்றுவிட்டது. ஜெட் எஞ்சின் குடிக்கும் எரிபொருளுக்கு மெதுவாகப் பறப்பது கட்டுப்படியாகாது. அது எதற்கு மாற்றாக வரவேண்டியிருந்ததோ, அந்தப் பழைய அன்டனோவ்-2 விமானம் இன்னமும் பறக்கிறது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், அத்தனை கூத்து.

போன வாரம் மறுபடி அந்தப் புல்தரைக்குப் போனேன். பானி கிளைடரை இரண்டாயிரம் அடியில் விட்டுவிட்டு, கயிறு வாலில் தொங்க, கல் மாதிரி இறங்கி வந்தது. பெரியவர் இறங்கி டீசர்ட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கண்ணாடி முன்னால் இருக்கும் பிளேடைப் பார்த்தேன். நடுவில் ஒரு இடத்தில் விரல் நகம் போகிற அளவுக்குப் பள்ளம். பெயின்ட் அதற்கு மேலேயே அடித்திருக்கிறது, அதனால் முதல் நாள் கண்ணில் படவில்லை. எப்படி ஆயிற்று என்று கேட்டேன். வாங்கும்போதே இருந்தது என்றார். அதற்கு முன்னால் இது அர்கன்சாவில் நெல்லுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்ததாம். யார் ஓட்டினார் என்று அவருக்குத் தெரியாது.

அந்தப் படத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். கூடவே, லூசியானா பக்கம் முளைகட்டிய விதைநெல்லை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போய்த் தண்ணீர் நிற்கும் வயலில் தூவுவார்கள் என்றும் எழுதினேன். நாற்றங்காலும் நடவும் இல்லாமல் நெல்லா என்று ஆச்சரியப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் போன் வந்தது.

"தொட்டி எத்தனை லிட்டரு சொன்ன?"

"ஐநூத்தி எழுபதுப்பா."

அந்தப் பக்கம் முணுமுணுப்பு. அவர் முதுகில் மாட்டுவது பதினாறு லிட்டர். "முப்பத்தஞ்சு டேங்கு, அதுக்கு மேலயும் அரை டேங்கு வருது" என்றார். அப்புறம், "எவ்வளவு நேரத்துல அடிச்சு முடிப்பான்?"